ஊசி போடாமல் அனுப்பிய மணப்பெண்

டாக்டர் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்காக, "உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க சிஸ்டர்" என்றார். ஓய்வு பெற்ற நர்ஸிடம் இப்படிக் கேட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை, பாவம். இந்தக் கதையில் அவரும் வருகிறார். அவருக்கு இன்றுவரை தெரியாத ஒரு விஷயமும் வருகிறது. அந்த இடத்தைப் படிக்கும்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்று யாராவது எனக்குப் போன் செய்து சொல்லுங்கள்.

ஊசி மெஷினைப் பற்றி நான் எதுவும் கற்றுக்கொடுக்கப் போவதில்லை. மயிரிழை போன்ற ஊசிகள் தோலுக்குள் கொஞ்சமாக இறங்குகின்றன, நுனியில் ரேடியோ அலை சூடு கொடுக்கிறது, எண்ணெய்ச் சுரப்பி அடங்குகிறது, பருத் தழும்பு மெல்ல நிரம்புகிறது. இதற்கு மேல் தெரிய வேண்டுமென்றால் அலமாரியில் தடிமனான கையேடு ஒன்று இருக்கிறது. நான் பாதிக்கு மேல் படித்ததில்லை. நீங்களாவது படியுங்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து வருடம் இருந்துவிட்டு, பினாங்கு ஜார்ஜ் டவுனில் இருக்கும் இந்தத் தோல் கிளினிக்குக்கு வந்தவள் நான். எல்லாம் தெரியும் என்ற திமிர் கொஞ்சம் இருந்தது. அந்தத் திமிரை ஒரே மத்தியானத்தில் இறக்கிய சம்பவம் இது. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர்கள் இப்போது என்னைப் பார்த்தால் கட்டிப்பிடிக்கிறார்கள், அந்த உறவை நான் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை.

மணப்பெண்ணுக்கு ரேவதி என்று பெயர் வைத்துக்கொள்வோம். தொழிற்சாலையில் வேலை, இருபத்தாறு வயது, அதிகம் பேசாத பெண். அவளைக் கூட்டிக்கொண்டு வந்தவர் வருங்கால மாமியார். பக்கத்திலிருக்கும் ஆயர் ஈத்தாம் வட்டாரத்தில் அவரைத் தெரியாத தமிழ்ப் பெண்கள் குறைவு. கையில் இரண்டு போன், கழுத்தில் கனமான சங்கிலி, முகத்தில் சுவருக்குப் பூசியது போல் பவுண்டேஷன். ரேவதி கூப்பிடுவது போலவே நானும் இங்கே அவரை அத்தை என்றே எழுதுகிறேன்.

"டாக்டர், இன்னும் ஏழு வாரத்துல கல்யாணம். இந்தப் புள்ள மூஞ்சிய பாருங்க. ஒரே எண்ண, ஒரே பரு. கேமரா லைட்டு பட்டா விளக்கு மாதிரி மின்னும் லா. அந்த ஊசி மெஷின்ல வச்சு சரி பண்ணி விட்டுடுங்க" என்றார் அத்தை.

நான் படிவத்தை எடுத்தேன். தற்போது ஏதாவது மருந்து, கிரீம் பயன்படுத்துகிறீர்களா என்று ரேவதியிடம் கேட்டேன். அவள் வாயைத் திறந்தாள். பதில் அத்தையிடமிருந்து வந்தது.

"ஒன்னும் இல்ல சிஸ்டர். வெறும் கடல மாவு."

ரேவதி வாயை மூடிக்கொண்டாள். நான் "இல்லை" என்று எழுதினேன். ஆஸ்பத்திரியில் இருந்தபோது உறவினர்களை வெளியே உட்காரச் சொல்லாமல் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அன்றைக்கு ஏன் அப்படிச் செய்யவில்லை என்றால், உள்ளே வந்தவுடன் அத்தை என்னைப் பார்த்து, "சிஸ்டருக்கு நாப்பது வயசுகூட இருக்காது போல" என்று சொல்லியிருந்தார். எனக்கு அப்போது ஐம்பத்தாறு. அந்த ஒரு வரியில் விழுந்துவிட்டேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

டாக்டர் அப்போது வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இருந்தாலும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "பரு எல்லாம் ஒரே அளவா இருக்கே, ஏதாவது கிரீம் போட்டாத்தான் இப்படி வரும்" என்று சொல்லி மறுபடியும் கேட்டார். கடலை மாவு என்றே மறுபடியும் பதில் வந்தது. படிவத்திலும் என் கையெழுத்தில் "இல்லை" என்று இருந்தது. சரி, குறைந்த சூட்டில் ஆரம்பிக்கலாம் என்றார். நான் ரேவதியைப் படுக்க வைத்து மரத்துப்போகும் கிரீமைப் பூசினேன்.

ஐந்து நிமிடத்தில் அவள் கை கட்டிலின் விளிம்பை இறுகப் பிடித்தது.

"எரியுதாம்மா?"

"இல்ல சிஸ்டர். பரவால்ல."

பரவாயில்லை என்று சொன்னவளின் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. மரத்துப்போக வேண்டிய இடம் எரிந்தால் எங்கோ தப்பு இருக்கிறது. கன்னத்தின் ஓரத்தை ஈரப் பஞ்சால் துடைத்துப் பார்த்தேன். அடியில் செங்கல் நிறம். சிவப்பு நூல் போல நுண்ணிய நரம்புகள். தோல் வெங்காயச் சருகு போல மெலிந்திருந்தது. முகத்தில் சிவக்காத இடமெல்லாம் வெளுத்திருக்க, கழுத்து அதன் சொந்த நிறத்தில் இருந்தது. இது ஸ்டீராய்டு கலந்த சிவப்பழகு கிரீம் செய்த வேலை. பல மாதம் பூசினால்தான் இப்படி ஆகும்.

அந்தத் தோலில் ஊசியையும் சூட்டையும் இறக்கினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெந்து போகும். நம் நிறத்துக்கு அந்த இடமெல்லாம் கறுத்து, வருடக்கணக்கில் போகாது. டாக்டர் கையுறை போட்டு முடித்திருந்தார். மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அத்தை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்திருந்தார். நான் சத்தமாகக் கேட்டால் ரேவதி மறுபடியும் இல்லை என்பாள். என் சந்தேகத்தை வாய்விட்டுச் சொன்னால் அத்தை முன்னால் அந்தப் பெண் மாட்டிக்கொள்வாள். யோசிக்க ஒரு நிமிடம்கூட இல்லை. என் செருப்புக் கால் தரையோரம் இருந்த சுவிட்சுக்குப் போய் மெஷினை அணைத்தது.

"மெஷின் ரோசாக் டாக்டர்" என்றேன்.

பினாங்கில் ஒரு பொருள் கெட்டுப்போய்விட்டால் ரோசாக். லிஃப்ட் ரோசாக், பஸ் ரோசாக், ஏர்கோன் ரோசாக். இந்த வார்த்தையைச் சொன்னபிறகு யாரும் மேலே விசாரிப்பதில்லை. டாக்டர் மட்டும் விசாரித்தார்.

"காலையில நல்லா இருந்துச்சே சிஸ்டர்."

பொத்தானை இரண்டு தடவை அழுத்தினார். பிறகு குனிந்து பார்த்தார். சுவிட்சின் மேல் என் கால் இருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் மேற்கூரையைப் பார்த்தேன். அன்று வரை அவரைப் படித்த பையன் என்றுதான் நினைத்திருந்தேன். டாக்டர் என்று நான் ஏற்றுக்கொண்டது அடுத்த ஐந்து நொடியில்தான்.

"ஆமா, ரோசாக்தான்" என்று எழுந்தார். "கொஞ்ச நேரம் ஆவும்."

இனி அத்தையை வெளியே அனுப்ப வேண்டும். "அக்கா, காடிய எங்க நிறுத்தியிருக்கீங்க? கீழ சம்மன் எழுதுற ஆளு சுத்திக்கிட்டிருந்தாரு" என்றேன். இந்த ஊரில் தீப்பிடித்தது என்று சொன்னால்கூட ஆட்கள் நிதானமாக எழுந்திருப்பார்கள். கார் நிறுத்தியதற்கு அபராதச் சம்மன் என்றால் அப்படியில்லை. முகமெல்லாம் கிரீமும் அதன் மேல் பிளாஸ்டிக் தாளுமாக ஓர் அம்மாள் நடுத்தெருவில் காரை நோக்கி ஓடியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அத்தையும் இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

நான் கிரீமை முழுவதும் துடைத்துவிட்டு, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ரேவதி முகத்தில் வைத்தேன். "இப்ப நாம ரெண்டு பேருதான். என்னம்மா பூசுற?" என்று கேட்டேன். அவள் கைப்பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளை டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். மூடியின் மேல் ஒரு ஸ்டிக்கர். அதில் அத்தை சிரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தைதான் விக்கிறாங்க சிஸ்டர். நிச்சயம் ஆன அன்னிக்கு ஆசையா குடுத்தாங்க. மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் பரு வந்துச்சு. நிறுத்திப் பாத்தேன், ரெண்டு நாள்ல மூஞ்சி வீங்கிடுச்சு. திரும்பப் போட்டா அடங்குது."

"அவங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? உங்க கிரீம்தான் என் மூஞ்சிய கெடுத்துச்சுன்னு சொன்னா, வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே வாய் பேசுறான்னு கல்யாணத்த நிறுத்திடுவாங்க. சிஸ்டர், கெஞ்சிக் கேக்குறேன். அத்தைக்குத் தெரியவே கூடாது."

சத்தியம் செய்தேன். டாக்டரிடம் மட்டும் சொல்லலாமா என்று கேட்டு, அவள் தலையசைத்த பிறகு சொன்னேன். அவர் அவளிடம் எதையும் மறைக்கவில்லை. இப்போது ஊசி கிடையாது, தான் சொல்கிறபடி கிரீமைப் படிப்படியாக நிறுத்த வேண்டும், நிறுத்தும்போது முகம் சிவந்து பொங்கும், கல்யாணத்தன்றும் சிவப்பு இருக்கத்தான் செய்யும், அடங்கப் பல மாதம் ஆகும் என்றார். ரேவதி சத்தமில்லாமல் அழுதாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த டப்பாவை அத்தை தலையிலேயே வீசலாம் போல இருந்தது.

ரேவதியை உள்ளேயே படுக்க வைத்துவிட்டு நான் முன்னறைக்கு வந்தபோது அத்தை மூச்சு வாங்க மேலே வந்தார். "சம்மன் ஆளக் காணோம் லா."

"உங்களப் பாத்து ஓடியிருப்பாரு" என்றேன். பிறகு அடுத்த வேலையை ஆரம்பித்தேன். "மெஷின் சரியாவுற வரைக்கும் சும்மாதானே இருக்கீங்க. ஸ்கேன் கேமராவுல உங்க முகத்தையும் ஒரு தடவ பாத்துடலாமா? மேக்கப் மட்டும் துடைக்கணும்."

ஏன் அப்படிக் கேட்டேன் என்றால், பவுண்டேஷன் அவ்வளவு கனமாக இருந்தது. பளபளப்பான முகம் உள்ளவர்கள் அதை அப்படி மூடி வைப்பதில்லை. அத்தை தயங்கினார். அடுத்த அறைக் கதவைப் பார்த்தார். "ரேவதி அங்கியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மூன்று பஞ்சு தீர்ந்தது. நான்காவது பஞ்சில் அதே செங்கல் நிறம் வெளியே வந்தது. ரேவதியைவிட மோசமாக இருந்தது. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

டாக்டர் கதவைச் சாத்திவிட்டு அவரிடம் தனியாகக் கேட்டார். இந்தத் தடவை கடலை மாவு வரவில்லை.

"எனக்கும் எரியும் டாக்டர். கிரீமைப் போட்டா உடனே அடங்கிடும். அதனாலதான் நல்ல கிரீம்னு நெனச்சேன். வெளி கிரீம்னா டாக்டருங்க திட்டுவாங்கன்னுதான் கடல மாவுன்னு சொன்னேன்."

டாக்டர் மெதுவாக விளக்கினார். அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். கிரீம் அவருக்கு வாளியில் வருமாம். வாளியில் ஒட்டியிருக்கும் எழுத்து என்ன மொழி என்றுகூடத் தெரியாதாம். ஐஸ்கிரீம் அள்ளும் கரண்டியால் டப்பாவில் போட்டு, மேலே தன் படத்தை ஒட்டி விற்றிருக்கிறார். யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, "பாதி ஆயர் ஈத்தாமுக்கு" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், அந்தப் புள்ளைக்கும் நான்தான் குடுத்தேன். அவ பரு இதனாலதான்னு எனக்கு இப்பதான் புரியுது. தெரிஞ்சா அவ என் மகனே வேணாம்னு சொல்லிட்டுப் போயிடுவா. அவளுக்குத் தெரியவே கூடாது."

மறுபடியும் சத்தியம் செய்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு சத்தியம். ஒரே விஷயத்துக்காக, எதிரெதிர்ப் பக்கத்து ஆட்களிடம்.

அன்றைக்கு இருவரிடமும் டாக்டர் தனித்தனியாகச் சொன்னது ஒன்றுதான்: கல்யாணத்துக்கு முன்னால் ஒருவருக்கொருவர் பேசிவிடுங்கள், நாங்கள் சொல்ல மாட்டோம். இருவருமே "பாக்கலாம் டாக்டர்" என்றார்கள். அந்தப் பாக்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். இருவருக்கும் தேவையான மருந்தைக் கொடுத்து, மேக்கப் இல்லாமல் அடுத்த வாரம் தனித்தனியாக வரச் சொன்னார். நேரம் கொடுப்பது என் வேலை.

டாக்டர் தம்பி, நீங்கள் படிக்க வேண்டிய இடம் இதுதான். இரண்டு பேருக்கும் சனிக்கிழமை பதினோரு மணி கொடுத்தேன். தெரிந்தே கொடுத்தேன்.

நீங்கள் நான்கு பேரும் இதைச் செய்யக் கூடாது. நான் வாய் திறக்கவில்லை, அதனால் சத்தியத்தை மீறவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. குறுக்கு வழிதான். அவர்களில் ஒருவர் கோபித்துக்கொண்டு புகார் கொடுத்திருந்தால் என் வேலை போயிருக்கும், அது நியாயமாகவும் இருந்திருக்கும். அந்த வாரம் முழுக்க எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. கல்யாணம் நின்றுபோனால் அது என் தலையில்தான் என்று நினைத்து நினைத்து, வெள்ளிக்கிழமை நேரத்தை மாற்றப் போனை எடுத்தேன். எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை ரேவதி முகமூடி போட்டு வந்து உட்கார்ந்தாள். சற்றுக் கழித்து அத்தை வந்தார். அவரும் முகமூடி, கூடவே கறுப்புக் கண்ணாடி.

"நீ என்னா இங்க?" என்றார் அத்தை.

"சும்மா அத்தை... பில்லு வாங்க வந்தேன். நீங்க?"

"எனக்குக் கால் வலி."

தோல் கிளினிக்கில் கால் வலி. நான் கவுன்டருக்குப் பின்னால் குனிந்து ஏதோ தேடுவது போல நின்றேன். அவர்கள் நடுவில் ஒரு காலி நாற்காலியை விட்டு உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொங்கியிருக்கும் முகத்தில் முகமூடியை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருக்க முடியாது, வியர்வை பட்டு எரியும். முதலில் கழற்றியது அத்தை. கண்ணாடியையும் கழற்றினார். ரேவதி அந்த முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன்னுடைய முகமூடியையும் கழற்றி மடியில் வைத்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் அத்தை.

"எனக்குச் சொல்லத் தெரியல அத்தை."

"கல்யாணத்த தள்ளி வச்சிடலாமா? இந்த மூஞ்சியோட உன்னைய உக்கார வைக்க எனக்கு மனசு வரல."

"வேணாம் அத்தை. இதே மூஞ்சியோட உக்காருறேன்."

அத்தை நடுவில் இருந்த காலி நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து டாக்டர் கதவைத் திறந்து, "ரெண்டு பேருக்கும் ஒரே டைமா சிஸ்டர்?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் ரோசாக் என்றேன்.

கல்யாணம் தப்பித்தது. ஆனால் அத்தையிடம் கிரீம் வாங்கிய பெண்கள் இன்னும் பூசிக்கொண்டிருந்தார்கள். விற்பதை அவர் அன்றே நிறுத்திவிட்டார். இருந்த வாளியை டாக்டரிடம் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கியவர்களிடம் சொல்வதற்கு மட்டும் வாய் வரவில்லை. "எல்லாரும் என்னைய நம்பி வாங்கினவங்க சிஸ்டர். என் மூஞ்சிய ஒட்டி வித்தேன். எந்த மூஞ்சிய வச்சு சொல்றது?" என்பார். நானும் வற்புறுத்தினேன், டாக்டரும் வற்புறுத்தினார். பாக்கலாம், பாக்கலாம் என்றே ஆறு வாரம் போனது.

அப்படியானால் ஊசி எப்போது போட்டீர்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். பத்து மாதம் கழித்து, தோல் முழுவதும் தேறியபின், மாதம் ஒரு முறையாக ரேவதிக்கு மூன்று தடவை போட்டோம். எண்ணெய் குறைந்தது, தழும்பும் பெரும்பாலும் மறைந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல இருப்பது கல்யாணத்தைப் பற்றி.

என்னையும் அழைத்திருந்தார்கள். மண்டபம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் அத்தையின் வாடிக்கையாளர்கள், பார்த்தவுடன் எனக்குத் தெரிந்தது. முகமெல்லாம் ஒரு நிறம், கழுத்தெல்லாம் வேறு நிறம். மணவறையில் ரேவதி மேக்கப் இல்லாமல், சிவந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பின்வரிசைகளில் குசுகுசுவென்று பேச்சு. பொண்ணுக்கு அம்மையா என்று ஒருவர் என்னிடமே கேட்டார். பக்கத்தில் மாப்பிள்ளை சரவணன், நன்றாகப் பவுடர் போட்டு, பளிச்சென்று இருந்தார்.

தாலி கட்டி முடிந்து, சாப்பாட்டுக்கு முன் நன்றி சொல்வதற்காக ஒருவர் மைக்கை எடுத்தார். அத்தை போய் அதை அவர் கையிலிருந்து வாங்கினார். அவரும் அன்று ஒன்றும் பூசியிருக்கவில்லை. அந்த முகத்தோடு அவ்வளவு பேர் முன்னால் அவர் நின்றதைப் பார்த்தபோது, நான் செய்த தந்திரமெல்லாம் எனக்குச் சின்னதாகப் போய்விட்டது.

"என் மருமகளுக்கு அம்மை இல்ல" என்றார். "நான் குடுத்த கிரீமு அது. என் மூஞ்சியும் அதனாலதான் இப்படி இருக்கு. என்கிட்ட வாங்கினவங்க இங்க நெறைய பேரு இருக்கீங்க. தெரியாம வித்துட்டேன், மன்னிச்சுக்குங்க. இன்னிக்கே சட்டுனு நிறுத்திடாதீங்க, வீங்கும். டாக்டரப் பாத்து நிறுத்துங்க."

ரேவதி மாலையோடு எழுந்து போய் அத்தை பக்கத்தில் நின்றுகொண்டாள். அப்போது மணவறையிலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது.

"அம்மா... ஒரு நிமிஷம்."

எல்லாரும் திரும்பினார்கள்.

"நானும் ரெண்டு வருஷமா அதத்தான் போடுறேன். உங்களுக்குத் தெரியாம வாளியிலேருந்து எடுத்து."

ரேவதி, தாலி கட்டிக் கால் மணி நேரம்கூட ஆகாத தன் புருஷனிடம் நடந்து போனாள். முந்தானை நுனியால் அவர் கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். அடியில் செங்கல் நிறம். அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு அத்தை சிரித்தார், அழுதுகொண்டே. பிறகு மண்டபமே சிரித்தது.

தோல் கிளினிக் சிஸ்டர் வந்திருக்கிறார் என்று அத்தை மைக்கிலேயே என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டார். பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். பக்கத்தில் ஒரு பெண் வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து வெள்ளை டப்பா ஒன்றை எடுத்து என் இலையோரம் வைத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் இரண்டு ஆண்கள். சோறு பரிமாற வந்த தம்பி வாளியோடு நின்றுவிட்டான். என் இலையில் சோறு வைக்க இடமில்லை.